சிறையிருந்தவர் வளவு: றொபேட் நொக்ஸ் சரித்திரம்

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த பெருநிலக்கரையிலும் வித்தியாசாலைகளிற் கற்பிக்கும் சைவ நண்பர்களிடம் வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் இரண்டு நியாயங்கள் எம்மெதிரே வைக்கப்படுகின்றன. நிலமோ மணல், கிணறோ சிறிது மிகுதியாக இறைத்தால் உவர்க்கும், ஆடு வாராத வேலியிற் கழுதை வரும் என்பது முதலாவது. தாம் அவ்வூரார் அல்லர், வேறிடத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தோர், சில ஆண்டு கழிந்தால் இடமாற்றம் வந்துவிடும், போகப்போகும் ஒருவன் வளவிலே எதை நடுவது, யாருக்காக நடுவது என்பது இரண்டாவது.

முதலாவது நியாயத்துக்கு மறுமொழி எளிது. மணலிற் குழி தோண்டி அடியிலே தேங்காய்ப் பொச்சைப் பரப்பி, அதன்மேற் பூவரசந்தழையும் எருவும் இட்டு மூடினால் நீர் விரைந்து கீழிறங்காது. கிளுவைக் கதியாலை நெருக்கி நட்டு ஓலையால் அடைத்தால் ஆடும் கழுதையும் அப்பாலே நிற்கும். ஆழக் கிணறு வெட்டி உவர்நீரை எட்டுவதினும், ஆழமில்லாத பூவலில் ஊறும் நன்னீரை அளவாக மொண்டு ஊற்றுவது மேல் என்பதை அக்கரையிலுள்ள எந்த மூதாட்டியும் சொல்லுவாள். இரண்டாவது நியாயமே வலியது. அதற்கு விடை சொல்லும் தகுதி எமக்கில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். அத்தகுதி முழுமையாக உடைய ஒருவர், 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 18ஆந் திகதி, சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில், மன்னாருக்குத் தெற்கே அருவியாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள அரிப்பு என்னும் ஊரை வந்தடைந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குமேல் அந்நிய நாட்டிலே சிறையிருந்தவர். ஒவ்வொரு நாளும் போய்விடவேண்டுமென்று எண்ணியவர். அவ்வாறெண்ணிக்கொண்டே ஒரு வளவை வாங்கி வளம்படுத்தியவர். றொபேட் நொக்ஸ் என்பது அவர் பெயர்.

யாம் பயின்ற மிஷன் கல்லூரியிலே நொக்ஸின் நூலிலிருந்து ஒரு பகுதி எமக்குப் பாடமாயிருந்தது. தப்பியோடிய பகுதியையே அங்கே படிப்பித்தார்கள். யானைக்கும் காவலாளருக்கும் அஞ்சி ஓடுகின்ற கதை சிறுவர்க்கு இனிக்கும் அன்றோ? தோட்டத்தைப் பற்றிய பகுதியை யாம் முதன்முதலாக வாசித்தது எமது நாற்பதாம் வயதுக்குப் பின்னர். வாசித்த அன்றே இச்சரித்திரத்தை வேறொரு முறையில் எழுதவேண்டும் என்று தோன்றிற்று.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆந் திகதி இலண்டன் நகரிலே பிறந்தார். தந்தையார் பெயரும் றொபேட் நொக்ஸே, கப்பற்றலைவர். பதினான்காம் வயதிலே மகன் தந்தையாரோடு கடலேறினார். 1658இல் இருவரும் ‘ஆன்’ என்னும் கப்பலிற் கிழக்கிந்தியக் கொம்பனியின் பணிமேற் புறப்பட்டு இந்தியக் கரைகளில் வாணிகஞ் செய்து வருகையில், 1659 நவம்பரிலே மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிற் கப்பலின் பெரும் பாய்மரம் முறிந்தது. புதியது நாட்டிக்கொள்ளும் பொருட்டுத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தனர். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்கள் 1660 ஏப்பிரிலிலே தந்தையாரைப் பிடித்தனர். அவர் பிடிபட்ட இடமென்று மூதூரில் ஒரு புளியமரத்தைக் காட்டுவர். அதனடியில் 1893ஆம் ஆண்டு நாட்டிய கல்லும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு செய்தியை விரைந்து கடந்துபோக மனம் ஒருப்படவில்லை. பிடித்தவர்கள் கப்பலை உள்ளே கொண்டுவரும்படி சொல்லி மகனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். கப்பல் கிட்ட வராமற் காத்துக்கொள்ளும்படி தந்தையார் கட்டளை சொல்லிவிட்டார். மகன் கப்பலேறினார், கட்டளையைச் சொன்னார், அங்கேயே நின்றுவிடத் தடை யாதும் இருக்கவில்லை. அவரோ திரும்பித் தந்தையாரிடம் வந்து சிறைப்பட்டார். வயது பத்தொன்பது. பிதுர்பக்தி என்னுந் தலைப்பில் மாணாக்கருக்குக் கதை தேடும் ஆசிரியர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

பதினாறு பேர் அகப்பட்டனர். அவர்களை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் ஊருக்கு ஊர் பிரித்து வைத்தார்கள். விலங்கும் கற்சிறையும் இல்லை. ஊரார் உணவு கொடுக்கவேண்டும், எல்லை கடந்து போகலாகாது, அவ்வளவே. தந்தையும் மகனும் கண்டிக்கு வடக்கே பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் வைக்கப்பட்டனர். அங்கே இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றிற்று. 1661 பெப்ரவரி 9ஆந் திகதி தந்தையார் இறந்தார். மகன் எழுந்து நிற்கவும் வலியின்றித் தம் கையாலே அவரை அடக்கஞ் செய்தார்.

அதன்பின் அவ்விளைஞருக்கு உறவென்று கூற ஒருவரும் இல்லை. ஊரார் சமைத்துக் கொடுத்த சோற்றைச் சிறையிருந்த ஆங்கிலேயர்கள் வேண்டாமென்று சொல்லி, அரிசியாகத் தரும்படி கேட்டு வாங்கினார்கள். இதனை அற்பமென்று எண்ணற்க. அரிசியாக வாங்கியவன் சிறிது மிச்சம் பிடிக்கலாம். மிச்சத்தை மாற்றி வேறொன்று கொள்ளலாம். ஆகவே அவன் முற்றும் பிறர் கையை நோக்கியவன் அல்லன். நொக்ஸ் தொப்பி பின்னுவதைக் கற்றுக்கொண்டார். அவர் தாமே பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து ஒரு முதியவரிடமிருந்து கிறிஸ்தவ வேதாகமப் பிரதி ஒன்றைப் பெற்றார் என்பதும், அந்நூலைச் சிறையிருந்த காலமெல்லாம் ஓதினார் என்பதும் அவர் சரித்திரத்தில் வருகின்றன. வேற்றுச் சமயத்தார் நடுவே தம் சமயத்தைக் கைவிடாதிருந்த ஒருவரை, மிஷன் கல்லூரியிலே திருநீறிட்டுக்கொண்டு படித்த யாம் மதியாதிருத்தல் ஒவ்வாது.

அவருடைய முதற்றோட்டம் அவருக்குச் சொந்தமானதன்று. அரசனுக்குரிய தென்னந்தோட்டம் ஒன்றிலே சிறு வீடு கட்டிக்கொண்டார். தானாக விழுந்த தேங்காய்களை எடுத்துக்கொள்ளும்படி அவரை விட்டார்கள். அத்தேங்காயிலிருந்து விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெய் எடுத்தார். புதிய தேங்காயெண்ணெய் தம்மூர் வெண்ணெய்க்குச் சிறிதே குறைந்தது என்று மெச்சுகின்றார். கோழியும் பன்றியும் வளர்த்தார். அவையிரண்டும் நமக்கு ஆகாதவை; எனினும் மறைப்பது சரித்திரம் எழுதுவோன் கடனன்று. தம் நாட்டு வழக்கப்படி வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசி வெள்ளையடித்தார். வெள்ளையடித்த சுவர் அரண்மனைக்கும் கோயிலுக்குமே உரியது, பிறர் பூசினால் மரண தண்டனை என்பதைப் பின்னரே அறிந்தார். அந்நியன் என்று பொறுத்தார்கள்.

1664 டிசெம்பரில் அரசனுக்கு எதிராக ஒரு கலகம் எழுந்தடங்கிற்று. அதன்பின் சிறையிருந்தோரை இடம் மாற்றினார்கள். நொக்ஸும் கூட்டாளிகளும் மலைமேலுள்ள ஓர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். நல்ல வீட்டையும் தோட்டத்தையும் விட்டுப் போகவேண்டியதாயிற்று. இடமாற்றக் கடிதங் கண்டு மனம் நொந்த ஆசிரியர் எவரும் இவர் நிலையை எளிதில் உணர்வர். நட்டவன் ஒருவன், உண்பவன் ஒருவன் என்று வெறுத்து, இனி எதையும் நடேன் என்று இருந்திருக்கலாம். அவர் அப்படி இருந்தாரல்லர்.

1666ஆம் ஆண்டளவிலே, கண்டிக்குத் தெற்கே சுமார் பத்து மைல் தூரத்தில், உடுநுவரைப் பகுதியைச் சேர்ந்த எலதெத்தை என்னும் ஊரில் ஒரு துண்டு நிலம் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டார். சிறையிருப்பவன் நிலம் வாங்கலாமோ என்று முதலில் அப்பகுதி அதிகாரியிடம் கேட்டார், அவரும் இசைந்தார். விலை இருபத்தைந்து லாரின். லாரின் என்பது வெள்ளிக் கம்பியைக் கொக்கிபோல வளைத்துச் செய்த அக்கால நாணயம். அந்நிலம் வயலுக்குள் நீண்டு கிடந்த ஒரு முனை, மூன்று பக்கமும் நெல்வயல், வாசலுக்கு நேரே அதற்கே உரிய சிறு வயற்றுண்டு, நல்ல நீர்ப்பாய்ச்சல். எட்டுத் தென்னைகளும் அந்நாட்டிற் காய்க்கும் பழமரங்கள் பலவும் நின்றன. ஆயினும் நெடுங்காலமாக ஆளில்லாது கிடந்தமையாற் பற்றை மூடிப்போயிருந்தது. வீடிருந்த அடையாளந் தானும் இல்லை.

இவ்விவரத்தை வாசித்தபோது, 2009இல் போர் முடிந்தபின் மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள தம்மூர்களுக்கு மீண்டவர்கள் எம் கண்முன்னே வந்தார்கள். வீடு நின்ற இடம் தெரியாது. கிணற்றடியிலே நின்ற புளியையோ வேம்பையோ கண்டுதான் இது நம் வளவு என்று நிலத்தை அறிந்தார்கள். பற்றை வெட்டியதே அவர்களுக்கு முதல் வேலை. நொக்ஸும் பற்றை வெட்டினார். கூட்டாளிகளின் உதவியோடு வீடு கட்டினார். நான்கு ஆங்கிலேயர் மணமின்றி அங்கே கூடி வாழ்ந்தனர். பின்னர் இருவர் மணஞ்செய்து வேறாகப் போயினர். ஸ்தீவன் றட்லன்ட் என்பவர் மாத்திரம் கடைசிவரை உடனிருந்தார். நெல் விளைந்தது, ஆடு பெருகிற்று, தொப்பியும் விற்றது. மிகுந்த நெல்லை ஊராருக்குக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் ஒன்றுக்கு ஒன்றரையாக மீட்டார். அந்நாட்டு வழக்கம் அதுவேயெனினும் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஐம்பது வட்டி என்பது எம் உள்ளத்துக்கு உவப்பாயில்லை.

அவர் எழுதிய நூலின் முதற்பாகத்திலே மரஞ்செடிகளைப் பற்றிச் சொல்லும் இடங்கள் நம்மவர் நன்கு படிக்கத்தக்கன. தாவர நூலாருக்குரிய பயிற்சி அவருக்கில்லை. உண்டவர் என்ற முறையிலும் நட்டவர் என்ற முறையிலுமே பேசுகின்றார். அதனாலேயே அவை சுவையுடையன. பலாவைப் பிஞ்சிலே ஒரு பெயராலும், முதிர்ந்தபோது வேறொரு பெயராலும், பழுத்தபின் குழைந்த சுளையை ஒரு பெயராலும், திடமான சுளையை மற்றொரு பெயராலும் ஊரார் வழங்குவதை ஒழுங்காக எழுதிவைத்திருக்கின்றார். அரிசியில்லாத வறியவருக்குப் பலாவே சோறாயிற்று என்றும், வழிப்பயணம் போவோர் அதன் கொட்டையைச் சுட்டு எடுத்துச் செல்வர் என்றும் கூறுகின்றார். மன்னார்க் கரையிலே பலாவின் இடத்தைப் பனை பிடித்துக்கொண்டது. ஒடியலும் பனாட்டும் நமக்கு அதே தொழிலைச் செய்தன. ஆனால் நம் சிறுவரை நிறுத்திப் பனையின் பருவத்துக்கேற்ற பெயர்களைக் கேட்டால் வடலி, நுங்கு என்பனவற்றுக்கு மேலே எத்தனை சொல்லுவர்? அந்நியர் ஒருவர் இருபது வயதுக்குப்பின் கற்ற அளவு, நம் பிள்ளைகள் தம் வீட்டு முற்றத்து மரத்தைப் பற்றிக் கற்கவில்லை.

மரம் நட்டவனுக்கே பழம் உரியதாகாமையையும் அவர் கண்டார். எங்கே நல்ல பழம் காய்த்தாலும் அது அரசனுக்கு ஒதுக்கப்படும். பழுக்குமுன் அரசன் ஆட்கள் வந்து அம்மரத்திலே ஒரு கயிற்றைக் கட்டி, நுனியில் மூன்று முடிச்சுப் போட்டுவிடுவார்கள். முடிச்சு விழுந்தபின் மரத்துக்கு உடையவனும் அதைத் தொடத் துணியான். பழுத்தபின் வெள்ளைத் துணியிற் சுற்றி அரண்மனைக்கு எடுத்துச் செல்வார்கள். இதனாற் சனங்கள் நல்ல பழமரம் வைப்பதில் ஊக்கங் குறைந்தார்களா என்றால், குறைந்திருத்தல் இயல்பே. எனினும் வளவுதோறும் கமுகும் தென்னையும் பலாவும் வெற்றிலையும் நின்ற நாடென்றே அவர் நூல் நமக்குக் காட்டுகின்றது.

பூக்களைப் பற்றிச் சொல்லுமிடம் இன்னும் இனிது. பிச்சமல் என்று அவர் எழுதும் வெண்பூ நம்முடைய பிச்சியின் இனம், பெயரும் ஒன்றே. அரசனுக்கென்று அதனைத் தோட்டங்களில் வைத்திருந்தனர். நாடோறும் காலையில் ஒரு கொத்து வெள்ளைத் துணியிற் சுற்றப்பட்டுக் கோலிலே தொங்கவிடப்பட்டுப் போகும். எதிர்ப்பட்டோர் வழிவிட்டு ஒதுங்கி நிற்பர். விடியலிலே நந்தவனம் புகுந்து மொட்டவிழும் பருவம் நோக்கிப் பூக்கொய்து திருப்புகலூர்ப் பெருமானுக்குச் சாத்திய முருகநாயனாரை நன்கறிந்த நமக்கு, அம்மரியாதை ஒரு மனிதனுக்குச் செய்யப்பட்டதென்பது சிறிது உறுத்தத்தான் செய்யும். பெருமரத்திற் பூத்து மணக்கும் சண்பக இனப் பூவை இளையோர் கூந்தலிற் சூடினர் என்கின்றார். எல்லாவற்றினும் எம்மைக் கவர்ந்தது அந்திமல்லிகை. சிங்களத்திலே அதன் பெயரைச் சிந்திரிமல் என்று எழுதுகின்றார். மாலை நான்கு மணியளவில் விரியும். இரவு முழுதும் விரிந்திருந்து காலையிற் குவியும். வெயில் மறைந்த நாளிலே பொழுதறியும் பொருட்டு மணிக்கூட்டுக்குப் பதிலாக அதனை வீட்டுத் தோட்டங்களில் நடுவார்கள் என்று குறித்திருக்கின்றார்.

இச்செடிதானும் இலங்கைக்குரியதன்று. அமெரிக்காக் கண்டத்து வெப்பநிலங்களே அதன் பிறப்பிடம். மிளகாயும் பப்பாசியும் அங்கிருந்து வந்தனவே. ஐரோப்பியர் கப்பல்கள் கீழ்த்திசைக்கு வந்து இரண்டு நூற்றாண்டு ஆகுமுன்னரே கண்டிமலை நாட்டுக் குடியானவன் முற்றத்திலே அது பொழுது காட்டிக்கொண்டு நின்றது. மன்னார் மணலிலும் அது வரும். வேர் கிழங்காய்ப் பருப்பதனாற் கோடையில் தண்டு பட்டுப்போனாலும் மழைக்குத் தழைக்கும். மிளகைப் போன்ற கரிய விதை. கீழே விழுந்து தானாக முளைப்பதும் உண்டு. விதையும் வேரும் நஞ்சுடையன ஆதலாற் சிறு பிள்ளைகள் வாயிலிடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். வித்தியாசாலை வாயிலிலே ஒரு வரிசை வைத்து, மலரும் நேரத்தை ஒரு மாதம் முழுவதும் குறித்து வரும்படி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். முகிலிருந்த நாளும் வெயிலெறித்த நாளும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அவர்களே சொல்லுவார்கள். மாலையில் மலர்வதனால் வித்தியாசாலைக்கு அருகில் வீடுள்ள பிள்ளைகளுக்கே இது எளிது. மற்றையோர் விதை கொண்டுபோய் வீட்டில் வைக்கட்டும்.

இனி எம் குறையைக் கூறுவோம். எமது முதல் நியமனம் மன்னார்த் தீவிலுள்ள ஒரு சிறு வித்தியாசாலைக்கு. மூன்றாண்டு அங்கிருந்தோம். ஆசிரியர் விடுதிக்குப் பின்னே ஒரு முருங்கை நின்றது. எமக்கு முன்னிருந்த எவரோ ஒருவர் மாரித் தொடக்கத்திற் கொம்பு வெட்டி நட்டது. அதன் இலையும் காயும் பூவும் மூன்றாண்டும் எமக்குக் கறியாயின. யாமோ ஒரு கறிவேப்பிலைக் கன்று தானும் வைக்கவில்லை. அடுத்த தவணை போய்விடுவோம், அடுத்த தவணை போய்விடுவோம் என்று ஒன்பது தவணை கழிந்தன. புறப்படும் நாளிலே, எமக்குப்பின் வந்த இளம் ஆசிரியர் அவ்வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முருங்கை வைத்தது நீங்களோ ஐயா என்று கேட்டார். அன்று எமக்குண்டான நாணம் இன்றும் மாறவில்லை.

நொக்ஸிடம் திரும்புவோம். வளவு வாங்கியவர் போகும் எண்ணத்தை விட்டுவிட்டார் என்று ஊராரும் அதிகாரிகளும் நம்பினர். வீடும் வயலும் ஆடும் உடையவன் ஓடுவானா என்பது அவர்கள் கணக்கு. ஆகவே அவர்மேற் காவல் தளர்ந்தது. அந்நம்பிக்கையை அவர் நன்கு பயன்படுத்தினார். மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்துகொண்டு றட்லன்டோடு வடதிசை ஊர்களுக்குச் சென்று விற்றார். விற்கும்போதே வழியையும் காவலையும் ஆற்றையும் மனத்திற் பதித்தார். வடக்கிலே மூன்று நான்கு ஆண்டு மழை பொய்த்தமையால் அவ்வழி போகமுடியாது காத்திருக்கவும் நேர்ந்தது. குளங்களிற் கலங்கிய நீரைக் குடித்து இருவரும் காய்ச்சலாற் பலமுறை வருந்தினர். காலையும் மாலையும் வெறும் வயிற்றிலே கஞ்சா இலைப் பொடியைக் கருப்பட்டியோடு கலந்து உண்டு அந்நீரின் தீங்கைத் தடுத்ததாக எழுதியிருக்கின்றார். இதனை மருந்தென்று எவரும் பின்பற்றற்க. நீரைக் கொதிக்கவைத்தலே போதும்.

தோட்டம் அவருக்கு வேடமோ என்று கேட்கலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வேடத்துக்காக வைத்தவன் எட்டுத் தென்னை என்று எண்ணி எழுதான். பலாவின் நான்கு பெயரையும் கற்றிரான். போகவேண்டும் என்ற நினைவும், இருக்கும் நாளில் நன்றாக இருக்கவேண்டும் என்ற நினைவும் ஒரே உள்ளத்திற் பதின்மூன்றாண்டு கூடியிருந்தன. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

1679 செப்ரெம்பர் 22ஆந் திகதி, வழமைபோல வியாபாரத்துக்குப் போவாராய் இருவரும் எலதெத்தையை விட்டுப் புறப்பட்டனர். அனுராதபுரம் வரையில் விற்றுக்கொண்டே சென்று, அங்கே வழிக்கு வேண்டிய அரிசி முதலியன சேர்த்துக்கொண்டு, மல்வத்து ஓயா என்று சிங்களத்தில் வழங்கும் அருவியாற்றின் வழியே காட்டுக்குள் இறங்கினர். கையிற் கொண்டுபோன தாளிப்பனையோலையே இரவிற் கூடாரம். யானைகளுக்கு அஞ்சித் தீ மூட்டினர். மனிதருக்கு அஞ்சி அவித்தனர். ஒரு வாரமளவில் ஆற்றைத் தொடர்ந்து கீழே வந்தபோது மரத்தடியிலே சோறு சமைத்துக்கொண்டிருந்த தமிழ்ப் பிராமணர் இருவரைக் கண்டனர். நொக்ஸ் அவர்களை மலபாரிகள் என்று எழுதுகின்றார். அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறித்த சொல் அது. தம் சோற்றிலே அவர்கள் இவர்களுக்கும் இட்டனர். சிறிது பணமும் ஒரு சிவப்புத் தொப்பியும் ஒரு கத்தியும் பெற்றுச் சிறிது தூரம் வழியுங் காட்டினர். பத்தொன்பது ஆண்டுக்குப்பின் அச்சமின்றி அவர் உண்ட முதற் சோறு நம்மவர் இட்டது.

அடுத்து அரிப்பு, அங்கே ஒல்லாந்தர் காவல். மறுநாள் மன்னார்க் கோட்டை. 1658இலே போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. அதற்கு அண்மையிலே பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் பல நூற்றாண்டு கண்டது. அராபிய வணிகர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து வைத்தனர் என்பர். வந்தோர் தங்கினாரல்லர், மரம் நின்றது. மன்னாரிலே கோட்டைப் போர்வீரருள் ஸ்கொத்லாந்து நாட்டார் ஒருவரும் அயர்லாந்து நாட்டார் ஒருவரும் இருந்தனர். தம்மொழி பேசுவோரைக் கண்டு நொக்ஸ் மகிழ்ந்தார். அங்கிருந்து கொழும்பு, பத்தாவியா, பந்தாம் வழியாக 1680 செப்ரெம்பரில் இலண்டன் சேர்ந்தார்.

பயணத்திலே எழுதியவற்றைத் திருத்தி 1681இல் நூலாக வெளியிட்டார். பெயர்பெற்ற பௌதிக அறிஞர் றொபேட் ஹூக் அதற்கு முகவுரை எழுதி உதவினார். நொக்ஸிடங் கேட்டறிந்த கஞ்சாச் செடியைப் பற்றி 1689இலே ஹூக் இலண்டன் இராயற் சங்கத்தில் ஒரு விரிவுரையும் நிகழ்த்தினார். தனித்தீவில் விதைத்துண்ட குரூசோவின் கதையைத் தானியேல் டிபோ 1719இல் வெளியிட்டபோது நொக்ஸின் நூலும் அவர் கருத்தில் இருந்தது என்பது அறிஞர் பலர் துணிபு.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் இவரை மாணாக்கருக்கு நல்லவராகவே காட்டிவிடலாம். ஆனால் இன்னொன்று உண்டு. விடுதலை பெற்றபின் ‘தொங்கின் மேச்சன்ட்’ என்னுங் கப்பலுக்குத் தலைவராகிப் பல கடற்பயணஞ் செய்தார். ஒரு பயணத்திலே மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கிச் சென் எலேனாத் தீவுக்குக் கொண்டுசெல்லும் பணியையும் ஏற்றார். தாம் பத்தொன்பது ஆண்டு பட்டதைப் பிறருக்குச் செய்யும் பணி அது. அத்தீவிலேயே அவருடைய மாலுமிகள் அவரைக் கரையில் விட்டுவிட்டுக் கப்பலோடு போய்விட்டனர். மண்ணிலே பொறுமை கற்றவர் மனிதரிடத்தே அதனைக் கல்லாது போனது எமக்குத் துயரந் தருகின்றது. இதனைப் பாடத்திற் கூறாது விடுவோர், பாதிச் சரித்திரமே கூறியவராவர்.

1720ஆம் ஆண்டு ஜூன் 19ஆந் திகதி, மணஞ்செய்யாதவராகவே இறந்தார். தம் நூற்பிரதியிலே வெற்றுத் தாள்களை இடையிட்டுக் கட்டி, இலங்கையைப் பற்றி நினைவில் வந்தனவற்றை முதுமைவரையில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவர் கையால் எழுதிய சுயசரிதம் ஒக்ஸ்போட் நூல்நிலையத்திலே நெடுங்காலம் கிடந்து, 1911ஆம் ஆண்டுப் பதிப்பிலே நூலோடு சேர்ந்து அச்சேறிற்று. எலதெத்தை வளவு என்னாயிற்று என்பதை உலகம் அறிந்தது அதன்பின்னர்த்தான். உடன் சிறையிருந்த ஆங்கிலேயர் ஒருவருக்கு அவ்வூர்ப் பெண்ணிடம் பிறந்த லூசியா என்னுஞ் சிறுமியை நொக்ஸ் அவ்வீட்டிலே வளர்த்து வந்தார். இங்கிலாந்து சேர்ந்தபின் கண்டி நாட்டிலே எஞ்சியிருந்த தோழர்களுக்கு எழுதியபோது, வீடும் நிலமும் அவளுக்கே உரியன என்று உறுதிசெய்து எழுதினார்.